ஏர்கோன் ஏன் இன்னும் குளிரவில்லை?

நம் நாட்டில் கோடைக்காலம், குளிர்காலம் என்ற வேறுபாடு கிடையாது. ஆண்டு முழுவதும் பிற்பகலில் 32, 33 பாகை செல்சியஸ் வெப்பம். அதோடு உடலைப் பிசுபிசுக்க வைக்கும் ஈரப்பதம் வேறு. வெயிலில் நிறுத்தி வைத்த காரின் உட்புற வெப்பம் 50 பாகையைத் தொட்டுவிடும். ஆகவே காரில் ஏர்கோன் என்பது நமக்கு ஆடம்பரப் பொருள் அன்று. கைக்குழந்தையோ, முதியவரோ, நோயாளியோ காரில் இருக்கும்போது அது அத்தியாவசியத் தேவையாகிவிடுகிறது.

மாணவர்களாகிய நம்மில் பலர் ஓட்டுவது அப்பாவோ அண்ணனோ ஓட்டி முடித்த பழைய காரைத்தான். பத்து, பதினைந்து வயதைக் கடந்த காரில் முதலில் மக்கர் செய்யும் பாகங்களுள் ஏர்கோனும் ஒன்று. பட்டறைக்குக் கொண்டு போகிறோம். ஏதோ ஒரு பாகத்தை மாற்றுகிறார்கள். நூற்றுக்கணக்கில் ரிங்கிட் கைமாறுகிறது. இரண்டு நாள் சில்லென்று இருக்கிறது. மூன்றாம் நாள் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது மீண்டும் வெதுவெதுப்பான காற்று! திரும்பப் போனால், "காஸ் குராங்" என்ற பதில் கிடைக்கிறது. கேஸ் குறைந்துவிட்டதாம். அறுபது ரிங்கிட் கொடுத்து நிரப்பிக்கொண்டு வருகிறோம். சில நாள்களில் அதே கதை.

பழுதுபார்த்த பின்னும் ஏர்கோன் ஏன் குளிர்வதில்லை? 'கேஸ் குறைவு' என்ற பதில் எப்போது சரி, எப்போது தவறு? நமக்கு நாமே எவற்றைச் சோதித்துப் பார்க்கலாம்? இவற்றைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். எல்லாரும் ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. காசு கொடுப்பவருக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

ஏர்கோன் குளிரை உண்டாக்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது செய்வது சுமக்கும் வேலை. காரின் உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி, வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. உள்ளே வெப்பம் குறைவதைத்தான் நாம் குளிர் என்கிறோம்.

இந்தச் சுமக்கும் வேலையின் அடிப்படையை நாம் தமிழ்ப்பள்ளியிலேயே படித்துவிட்டோம். அதுதான் ஆவியாதல். கையில் கொஞ்சம் ஸ்பிரிட் பட்டால் சில்லென்று இருக்கிறதல்லவா? அது ஆவியாகும்போது நம் தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதே ஆவி மீண்டும் திரவமாகும்போது, எடுத்துக்கொண்ட வெப்பத்தை வெளியே விட்டுவிடும். இடைநிலைப்பள்ளி இயற்பியலில் 'ஹாபா பெண்டாம்' என்று மலாயில் படித்தோமே, அந்த உள்ளுறை வெப்பம்தான் இது.

கார் ஏர்கோனில் இந்த வேலையைச் செய்யும் பொருளைத்தான் 'கேஸ்' என்கிறோம். இன்று சாலையில் ஓடும் கார்கள் பலவற்றில் இருப்பது ஆர்-134ஏ என்ற குளிர்பொருள். சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 26 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் 50, 60 பாகை வெப்பத்திலும் திரவமாக மாறும். அழுத்தத்தை ஏற்றி இறக்கி, வேண்டிய இடத்தில் ஆவியாக்கி, வேண்டிய இடத்தில் திரவமாக்குவதுதான் ஏர்கோனின் சூட்சுமம்.

அதற்கு நான்கு முக்கிய பாகங்கள் உள்ளன. முதலாவது கம்ப்ரசர். இயந்திரத்தின் பெல்ட்டால் சுழலும் இது ஆவியை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. இரண்டாவது கண்டென்சர். காரின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் இந்தச் சல்லடை போன்ற தகட்டில்தான் வெப்பம் வெளியே போகிறது, ஆவி திரவமாகிறது. மூன்றாவது எக்ஸ்பேன்ஷன் வால்வு. அதன் மிகச் சிறிய துளை வழியே திரவம் பீய்ச்சப்படும்போது அழுத்தம் சட்டென்று குறைகிறது. நான்காவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் கோயில். அங்கே திரவம் ஆவியாகி, காரின் உள்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. இவற்றோடு டிரையர் என்ற சிறு குப்பியும் உண்டு. அது ஈரத்தை உறிஞ்சும், தூசியை வடிகட்டும்.

கூலிங் கோயில் காற்றை மட்டும் குளிர்விப்பதில்லை. நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரத்தையும் நீராக்கி வெளியேற்றுகிறது. காரின் அடியில் சொட்டுச் சொட்டாக நீர் வடிவது அதனால்தான். ஒரு கிலோ நீராவியை நீராக்கச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். வறண்ட நாட்டில் ஓடும் ஏர்கோனுக்கு இல்லாத இந்தக் கூடுதல் சுமை நம் ஏர்கோனுக்கு நாள்தோறும் உண்டு. எனவே, ஏதேனும் ஒரு பாகம் சற்றே சோர்ந்தாலும் நமக்கு உடனே வித்தியாசம் தெரிந்துவிடுகிறது.

கேஸ் பெட்ரோல் அன்று, வாளி!

பெட்ரோல் எரிந்து தீர்ந்து போகும். கேஸ் அப்படித் தீர்வதில்லை. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. கிணற்று வாளியைப் போல, உள்ளே வெப்பத்தை அள்ளுகிறது, வெளியே கொட்டுகிறது, மீண்டும் அள்ளப் போகிறது. வாளி தேய்ந்து காணாமற் போகாதல்லவா?

ரப்பர்க் குழாய்கள், இணைப்புகள் வழியாக ஆண்டுக்குச் சிறிதளவு கேஸ் வெளியேறுவது இயல்பு. அதனால் குளிர் குறையப் பல ஆண்டுகள் ஆகும். மாறாக, சில வாரங்களிலேயே கேஸ் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பிக்கொண்டே இருப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றும் வேலைதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. கேஸ் குறைந்தால் குளிர் குறையும் என்பது பலருக்குத் தெரியும். கேஸ் கூடினாலும் குளிர் குறையும் என்பது பலருக்குத் தெரியாது! அளவுக்கு மீறிய திரவம் கண்டென்சரின் அடிப்பகுதியில் தேங்கி, ஆவி திரவமாவதற்கான இடத்தை அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் ஏறுகிறது. கம்ப்ரசர் திணறுகிறது. பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகிறது. அழுத்தம் எல்லை மீறும்போது பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரையே நிறுத்திவிடும். பிறகு வருவது வெறும் விசிறிக் காற்றுதான்.

எவ்வளவு கேஸ் வேண்டும் என்பதைக் கார் தயாரிப்பாளரே கிராம் கணக்கில் நிர்ணயித்திருக்கிறார். பானெட்டைத் திறந்தால் உட்புறத்திலோ முகப்புச் சட்டத்திலோ ஒரு சிறிய ஒட்டுத்தாளில் அது எழுதியிருக்கும். நடுத்தர கார்களுக்கு இது பெரும்பாலும் அரைக் கிலோவை ஒட்டி இருக்கும். ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "போதும், சரியாகிவிட்டது" என்று முடித்துவிடுகிறார்கள். தராசு இல்லாமல் அரிசி விற்பதைப் போலத்தான் இதுவும்.

நாமே செய்யக்கூடிய சோதனைகள்

கருவிகள் ஏதுமின்றி, குழாய் எதையும் கழற்றாமல், அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய ஐந்து சோதனைகள் இவை. காரைத் திறந்த வெளியில் நிறுத்திச் செய்யுங்கள். மூடிய கொட்டகையில் இயந்திரத்தை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து.

முதல் சோதனை காற்றின் அளவு. விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். காற்று பலமாக வருகிறதா? காற்று சில்லென்று இருந்தும் பலமின்றி வந்தால் கேஸ் மீது பழி போடாதீர்கள். உட்காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கலாம். பல கார்களில் அது முன் இருக்கைக்கு எதிரே உள்ள கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். அதைக் கழற்றிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

இரண்டாவது, வெப்பமானியைக் கொண்டு அளத்தல். சமையலறைக்குப் பயன்படும் சாதாரண மின் வெப்பமானி ஒன்றை டேஷ்போர்டின் நடுவில் காற்று வரும் வாயில் செருகுங்கள். வெளிக்காற்றை மூடி, உட்காற்றுச் சுழற்சிக்கு மாற்றுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு, காரை நிறுத்திய நிலையில் ஒரு முறையும், சாலையில் சீராக ஓடும்போது இன்னொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் 10 பாகையை ஒட்டி இருந்தால் நல்ல நிலை. 15-ஐத் தாண்டினால் ஏதோ கோளாறு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் பல உண்மைகளைச் சொல்லும்.

மூன்றாவது, முகப்பு விசிறி. ஏர்கோனைப் போட்டதும் கண்டென்சர் விசிறி சுழல வேண்டும். சுழல்கிறது என்பதோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. போதிய வேகத்தில் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தாளைக் காரின் முகப்புச் சட்டத்தின் முன் பிடியுங்கள். விசிறி நன்றாக இருந்தால் காற்று இழுக்கும் இழுப்பில் தாள் அப்படியே ஒட்டிக்கொள்ளும். நழுவி விழுந்தால் விசிறி மீது சந்தேகம் கொள்ளலாம். சில கார்களில் விசிறி விட்டுவிட்டுச் சுழலும். சற்றுப் பொறுத்திருந்து பாருங்கள். கையையும் ஆடையையும் விசிறிக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள்.

நான்காவது, கம்ப்ரசரின் ஓசை. பெரும்பாலான பழைய கார்களில் ஏர்கோனைப் போட்டதும் 'டக்' என்ற சத்தம் கேட்கும். அதன் கிளட்ச் ஒட்டிக்கொள்ளும் சத்தம் அது. சில வினாடிகளுக்கு ஒரு முறை ஒட்டுவதும் விலகுவதுமாக இருந்தால், கேஸ் மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருக்கலாம். சத்தமே இல்லையென்றால் மின்னிணைப்பிலிருந்து தேடலைத் தொடங்க வேண்டும்.

ஐந்தாவது, தண்ணீர்ச் சோதனை. காரை நிறுத்தி, இயந்திரமும் ஏர்கோனும் ஓடிக்கொண்டிருக்கும்போது, தோட்டத்துக்கு நீர் தெளிக்கும் குழாயைக் கொண்டு முகப்புச் சட்டத்தின் வழியே கண்டென்சர் மீது மட்டும் பூவாகத் தெளியுங்கள். இயந்திரத்தின் மேலும் மின்கம்பிகளின் மேலும் படக் கூடாது. ஓரிரு நிமிடங்களில் வெப்பமானியின் எண் மளமளவென்று இறங்கினால், வெப்பம் வெளியேறும் இடத்தில்தான் குறை இருக்கிறது. விசிறி சோர்ந்திருக்கலாம், கண்டென்சர் அழுக்கடைந்திருக்கலாம், அல்லது கேஸ் கூடியிருக்கலாம். எண் அசையவே இல்லையென்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

பழுதுபார்த்த பின் ஏன் இப்படி?

ஏர்கோனின் எந்தப் பாகத்தை மாற்றினாலும் குழாயைத் திறந்தாக வேண்டும். திறந்துவிட்டால் சில வேலைகளை முறையாகச் செய்ய வேண்டும். அவற்றில் ஒன்றைத் தாண்டிப் போனாலும் புதுப் பாகம் போட்டும் பயனில்லை. அறிகுறிகளைக் கவனித்தால் எது விடுபட்டது என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

முதல் நாள் நன்றாக இருந்து, நாளுக்கு நாள் குளிர் குறைந்துகொண்டே வந்தால், அது கசிவு. பழைய ஓட்டை அடைபடாமல் இருக்கலாம். அல்லது புதிய இணைப்பில் பழைய ரப்பர் வளையத்தையே மீண்டும் போட்டிருக்கலாம். கேஸோடு சேர்ந்து எண்ணெயும் கசியும் என்பதால், இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிந்திருந்தால் அந்த இடத்தைப் பட்டறையில் சுட்டிக் காட்டுங்கள்.

முதல் கால் மணி நேரம் சில்லென்று இருந்து, பிறகு குளிர் நின்று, ஏர்கோனைச் சிறிது நேரம் அடைத்துவிட்டுப் போட்டால் மீண்டும் குளிர்ந்தால், ஏதோ உறைகிறது என்று கொள்ளலாம். குழாய்க்குள் ஈரம் இருந்தால் அது எக்ஸ்பேன்ஷன் வால்வின் சிறு துளையில் பனிக்கட்டியாகி வழியை அடைத்துவிடும். கேஸ் நிரப்புவதற்கு முன் வேக்கம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது இதற்காகத்தான். அழுத்தம் மிகக் குறைந்தால் தண்ணீர் சாதாரண அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். அரை மணி நேரமாவது ஓட வேண்டிய பம்ப்பை ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கூலிங் கோயிலின் வெளிப்புறத்தில் பனி படிந்தாலும் இதே அறிகுறி தெரியும். ஆனால் அப்போது காற்றின் வேகமும் சேர்ந்து குறையும். கோயிலை மாற்றும்போது அதன் வெப்ப உணரியைச் சரியான இடத்தில் பொருத்தாவிட்டால் இப்படி நடக்கலாம்.

நெடுஞ்சாலையில் நல்ல குளிர், நெரிசலில் நின்றால் வெதுவெதுப்பு என்றால், கண்டென்சருக்குப் போதிய காற்று கிடைக்கவில்லை. கார் ஓடும்போது எதிர்க்காற்றே விசிறியின் வேலையைச் செய்துவிடுகிறது. நின்றுவிட்டால் விசிறியை மட்டுமே நம்ப வேண்டும். கேஸ் சற்றுக் குறைந்திருந்தாலும் தேய்ந்த கம்ப்ரசராக இருந்தாலும் இந்த அறிகுறி தெரியக்கூடும். அதனால்தான் தண்ணீர்ச் சோதனை தேவைப்படுகிறது.

பழைய கம்ப்ரசர் உள்ளே உடைந்து போனதால் புதியது மாற்றியிருந்தால், இன்னொரு ஆபத்தும் உண்டு. உடைந்த கம்ப்ரசரின் உலோகத் துகள்கள் கண்டென்சரிலும் வால்விலும் போய்த் தங்கியிருக்கும். குழாய்களைக் கழுவாமல், டிரையரை மாற்றாமல் புதுக் கம்ப்ரசரை மட்டும் பொருத்தினால், அந்தத் துகள்கள் வழியை அடைப்பதோடு புதியதையும் விரைவில் கெடுத்துவிடும்.

இவை எல்லாமே சரியாக இருந்தும் குளிர் குறைந்தால், காற்றின் வழியைப் பாருங்கள். டேஷ்போர்டைக் கழற்றி மாட்டும்போது காற்றுக்குழாய் சரியாகப் பொருந்தாமல் போகலாம். சூடேற்றி உள்ள கார்களில் அதன் கதவு முழுமையாக மூடாமல் இருந்தால் சூடான காற்று குளிர்ந்த காற்றோடு கலந்துவிடும்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்திற்கு மூன்று முறை சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு இரத்தச் சுத்திகரிப்பு சிகிச்சைக்குப் போய்வர வேண்டும். அப்பாதான் காரோட்டுவார். நான்கு மணி நேரச் சிகிச்சை முடிந்து அம்மா வெளியே வரும்போது உச்சி வெயில். உடம்பில் தெம்பே இருக்காது. சில நாள்களில் இரத்த அழுத்தமும் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் கார் அனலாக இருந்தால் அவர் படும் பாட்டைச் சொல்லி முடியாது.

சென்ற ஆண்டு கூலிங் கோயில் கசிந்ததால் ஒரு பட்டறையில் 650 ரிங்கிட் கொடுத்து மாற்றினோம். மாலையில் ஓட்டிப் பார்த்தபோது நல்ல குளிர். மறுநாள் நண்பகலில் ஈப்போ சாலை நெரிசலில் பழையபடி வெதுவெதுப்பு. அப்பா திரும்பப் போனார், கேஸ் நிரப்பினார்கள். மீண்டும் போனார்; மீண்டும் நிரப்பினார்கள். ஒவ்வொரு முறையும் 60 ரிங்கிட். தவணை விடுமுறையில் நான் வீட்டுக்குப் போனபோது அப்பா சொன்னார்: "ரெண்டு தடவை போயாச்சு ஐயா. இனிமே போய்க் கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு. அம்மாவுக்கு ஈரத்துண்டு கொண்டு போயிட்டிருக்கேன்."

மேலே சொன்ன சோதனைகளை நான் அந்தக் காரில்தான் செய்து பார்த்தேன். நெடுஞ்சாலையில் 10 பாகை. வீட்டு வாசலில் நிறுத்தியபோது 19. முகப்பில் பிடித்த தாள் ஒட்டாமல் நழுவி விழுந்தது. விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. இழுக்கும் வலு இல்லை. தண்ணீர் தெளித்ததும் இரண்டே நிமிடத்தில் 19 என்பது 12 ஆனது. இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அழுத்தமானியும் தராசும் வைத்திருந்த வேறொரு பட்டறைக்கு அப்பாவை அழைத்துச் சென்றேன்.

அங்கிருந்த அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு அழுத்தமானியை மாட்டினார். நின்ற நிலையில் உயர் அழுத்தம் 330 பி.எஸ்.ஐ. நம் ஊர் வெயிலில் ஆர்-134ஏ காருக்கு 200 முதல் 250 வரை இருப்பதுதான் வழக்கம். பிறகு கேஸைக் கருவியால் உறிஞ்சி எடுத்து நிறுத்துப் பார்த்தார். ஒட்டுத்தாளில் இருந்த அளவு 500 கிராம். உள்ளே இருந்தது 690 கிராம்! விசிறியின் மோட்டாரைக் கழற்றினால் அதன் கார்பன் பிரஷ் தேய்ந்து கிடந்தது. மோட்டாருக்கு 140 ரிங்கிட், வேக்கம் செய்து அளந்து கேஸ் நிரப்ப 120 ரிங்கிட். அன்று பிற்பகல் நின்ற நிலையில் 11 பாகை காட்டியது. அதன் பிறகு ஈரத்துண்டுக்கு வேலை இல்லை.

முதல் பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். கூலிங் கோயில் உண்மையாகவே கசிந்தது. அதை அவர் சரியாகத்தான் மாற்றினார். விசிறி அதற்கு முன்பே சோர்ந்திருக்க வேண்டும். ஆனால் கேஸ் கசிந்துகொண்டிருந்தவரை அழுத்தம் குறைவாக இருந்ததால் அந்தச் சோர்வு வெளியே தெரியவில்லை. கசிவை அடைத்துக் கேஸை நிரப்பியதும் மறைந்திருந்த குறை வெளிப்பட்டது. வெப்பத்தைக் கொட்டும் இடம் அடைபட்டிருக்கும்போது வாளிகளைக் கூட்டிக்கொண்டே போனதால் நிலைமை மோசமானது. ஒரு பழுதைச் சரிசெய்யும்போது இன்னொரு பழுது தலைகாட்டலாம். அதை அளந்துதான் கண்டுபிடிக்க முடியும்.

பட்டறையில் என்ன கேட்கலாம்?

சண்டை போட வேண்டியதில்லை. பணிவாகக் கேட்டாலே போதும். "அண்ணே, கேஸ் குறைஞ்சதுன்னா எங்க கசியுதுன்னு பார்க்க முடியுமா?" என்பது முதல் கேள்வி. சோப்பு நுரை, சாயம், மின்கருவி எனக் கசிவைக் கண்டறிய வழிகள் உண்டு. "ரெண்டு பக்க அழுத்தமும் எவ்வளவு காட்டுது?" என்பது இரண்டாவது. இயந்திரம் ஓடும்போது தாழ் அழுத்தமும் உயர் அழுத்தமும் சேர்ந்துதான் கதை சொல்லும். தாழ் அழுத்தம் பொதுவாக 30 முதல் 45 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கும். இரண்டுமே குறைவு என்றால் கேஸ் போதவில்லை. இரண்டுமே அதிகம் என்றால் கேஸ் மிகுதி, உள்ளே காற்று, அல்லது விசிறிக் கோளாறு. தாழ்வு கூடி, உயர்வு குறைந்திருந்தால் கம்ப்ரசர் தேய்ந்திருக்கலாம்.

இயந்திரத்தை நிறுத்தியபின் காட்டும் அழுத்தத்தை வைத்துக் கேஸின் அளவைச் சொல்ல முடியாது. உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலே, 30 பாகை வெப்பத்தில் சுமார் 97 பி.எஸ்.ஐ. காட்டும், அது 300 கிராமாக இருந்தாலும் சரி, 600 கிராமாக இருந்தாலும் சரி. கிராம் கணக்கில் சொல்லத் தராசு ஒன்றே வழி. எனவே மூன்றாவது கேள்வி, "எத்தனை கிராம் போட்டீங்க?" என்பது. நான்காவது, "வேக்கம் எவ்வளவு நேரம் ஓடுச்சு?" என்பது. ஐந்தாவது, "டிரையரையும் ரப்பர் வளையத்தையும் மாத்தியாச்சா?" என்பது. பதில்களை ரசீதின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை கோளாறு வந்தால் அதுவே நமக்குச் சாட்சி.

சில எச்சரிக்கைகள்

கேஸ் குழாய்களை வீட்டில் திறக்க முயலாதீர்கள். பீய்ச்சி வரும் குளிர்பொருள் தோலையும் கண்ணையும் உறைய வைத்துக் காயப்படுத்தும். அதைக் காற்றில் திறந்துவிடுவதும் நல்லதன்று. முன்பு பயன்பட்ட ஆர்-12 ஓசோன் படலத்தைச் சிதைத்ததால், 1987-இல் கையெழுத்தான மொன்ட்ரியல் உடன்படிக்கையின் வழி உலகமே அதைக் கைவிட்டது. அதற்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆனால் எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் அதிகமாகப் புவியைச் சூடாக்க வல்லது. இதனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய கார்களில் அதற்கு இடமில்லை. புதிய கார்களில் ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறொரு குளிர்பொருள் இருக்கக்கூடும். ஒன்றை மற்றொன்றோடு கலக்கக் கூடாது. ஒட்டுத்தாளைப் படித்துவிட்டே நிரப்பச் சொல்லுங்கள்.

நிறைவாக

நோயையும் நோயின் காரணத்தையும் ஆராய்ந்து, தீர்க்கும் வழியை அறிந்த பின்னரே மருந்து கொடுக்க வேண்டும் என்று 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் கூறியிருக்கிறார். மனித உடலுக்குச் சொன்னது இயந்திரத்துக்கும் பொருந்துகிறது. 'கேஸ் குறைவு' என்பது பல நேரங்களில் அறிகுறிதான். காரணத்தைக் கேட்காமல் மருந்துக்கு மட்டும் காசு கொடுத்துக்கொண்டிருந்தால் நோய் தீராது.

பொறியியல் மாணவர்களுக்குத்தான் இதெல்லாம் விளங்கும் என்று யாரும் ஒதுங்கிவிட வேண்டாம். ஆவியாதலையும் அழுத்தத்தையும் நாம் அனைவரும் பள்ளியில் படித்தவர்கள்தாம். தமிழில் படித்ததையும் மலாயில் படித்ததையும் தேர்வுத் தாளோடு விட்டுவிடாமல் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குப் பொருத்திப் பார்த்தால் போதும். அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது ஒரு வெப்பமானியை வாங்கிக்கொண்டு போங்கள். பதினைந்து ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். அப்பாவின் காரில் இரண்டு எண்களைக் குறித்து, அவருக்கும் விளக்கிச் சொல்லுங்கள். பட்டறையில் அந்தக் கேள்விகளை அவரே கேட்பார்.